தள்ளிப்போட முடியாத வயது

2020 மார்ச் 17 அன்று இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் ஒரு கடிதம் போனது. அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை ஏப்ரல் 15-க்குள் நிறுத்திவிட வேண்டும், குறைந்தது மூன்று மாதத்துக்கு மறுபடி தொடங்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அதே வாரத்தில் இந்தியச் சுகாதார அமைச்சகமும் மருத்துவமனைகளுக்கு ஏறக்குறைய இதையே சொன்னது. மற்ற நாடுகளிலும் பெரிய வித்தியாசமில்லை. பெருந்தொற்று உச்சத்தில் இருக்கும் 12 வாரங்களில் மட்டும் உலகெங்கும் சுமார் 2 கோடியே 84 லட்சம் அறுவை சிகிச்சைகள் ரத்தாகும் அல்லது தள்ளிப்போகும் என்று ‘கோவிட்சர்ஜ்’ என்ற பன்னாட்டு ஆய்வுக் கூட்டணி கணக்குப் போட்டது.

அன்றைய நிலையில் அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. அறுவை சிகிச்சையை ஒட்டிக் கொரோனா தொற்றிய 1,128 நோயாளிகளின் விவரத்தை அதே கூட்டணி மே மாதம் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டது. அவர்களில் 23.8 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். பாதிப்பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்திருந்தது. இடுப்பு எலும்பு மாற்று சிகிச்சைக்காக வருகிற எழுபது வயதுக்காரரை இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு யாரும் ஆபரேஷன் தியேட்டருக்குள் அழைக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தக் கணக்கில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெரியவர்கள், அதிலும் முதியவர்கள். குழந்தைகளை இந்த வைரஸ் பெரும்பாலும் லேசாகவே தொட்டுவிட்டுப் போனது. அப்படியிருந்தும் பெரியவர்களுக்காகப் போட்ட பூட்டு குழந்தைகள் வார்டுக்கும் சேர்த்தே விழுந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தைகளின் அறுவை சிகிச்சையைப் பாதுகாப்பாக நடத்துவது என்றால், தியேட்டருக்குள் கிருமி வராமல் பார்ப்பது பாதி வேலைதான். வர வேண்டிய குழந்தை உரிய நாளுக்குள் மேசைக்கு வந்து சேர்வது மீதிப் பாதி. 2020-ல் எல்லோர் கண்ணும் முதல் பாதியிலேயே இருந்தது.

இந்த ‘உரிய நாள்’ எவ்வளவு கறாரானது என்பதற்கு ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்க்கலாம். சில குழந்தைகள் இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெருங்குழாய்களும் இடம் மாறிப் பிறக்கின்றன. உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி வலது கீழறையிலிருந்து புறப்படுகிறது. நுரையீரலுக்குப் போகும் தமனி இடது கீழறையிலிருந்து புறப்படுகிறது. விளைவு, ஆக்சிஜன் ஏறிய ரத்தம் நுரையீரலையே சுற்றிச் சுற்றி வருகிறது. ஆக்சிஜன் இல்லாத ரத்தம் உடம்பைச் சுற்றுகிறது. இரண்டும் சந்திக்க வழி இல்லாவிட்டால் குழந்தை பிழைக்காது. கருவில் இருந்தபோது திறந்திருந்த ஒரு சின்ன இணைப்புக் குழாய் பிறந்த பிறகு மூடிக்கொள்ளும். அதை மூடவிடாமல் புரோஸ்டாகிளாண்டின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். தேவைப்பட்டால் மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் பலூனால் துளையைப் பெரிதாக்குவார்கள். இதெல்லாம் நாள் கடத்தும் ஏற்பாடு. இரண்டு குழாய்களையும் வெட்டி இடம் மாற்றித் தைப்பதுதான் தீர்வு. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் அதீப் ஜதேனே 1975-ல் இதை வெற்றிகரமாகச் செய்து காட்டினார்.

இந்த ஆபரேஷனைப் பிறந்த முதல் சில வாரங்களுக்குள் முடித்துவிட வேண்டும். ஏன் அவ்வளவு அவசரம்? நுரையீரலுக்குள் ரத்தத்தைத் தள்ளக் குறைந்த அழுத்தமே போதும். குழாய் மாறிப் பிறந்த குழந்தையின் இடது கீழறைக்கு அந்த லேசான வேலை மட்டுமே இருப்பதால், மாவுக்கட்டுப் போட்ட கால் மெலிவதுபோல அதன் தசை நாளுக்கு நாள் மெலிகிறது. இரண்டாவது வாரத்தில் ஆபரேஷன் செய்தால் உடல் முழுவதற்கும் ரத்தம் தள்ளும் வேலையை அது ஏற்றுக்கொள்ளும். இரண்டு மாதம் கழித்து அதே ஆபரேஷனை அதே நிபுணர் அதே நேர்த்தியோடு செய்தாலும், அந்த மெலிந்த அறையால் சுமையைத் தாங்க முடியாமல் போகலாம்.

பெரியவர்களின் நோய்களில் காத்திருப்பு என்றால் பெரும்பாலும் வலியும் அவதியும் நீள்வது. புற்றுநோய் போன்றவை விதிவிலக்கு. குழந்தையின் உடம்போ இன்னும் கட்டி முடியாத உடம்பு. ஒவ்வோர் உறுப்பும் தன் தன் காலத்தில் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறது. அண்ணப்பிளவை ஒன்பது மாதம் முதல் ஒரு வயதுக்குள் சரிசெய்யச் சொல்வது, குழந்தை மழலையிலிருந்து சொல்லுக்குப் போகும் பருவம் அது என்பதால். உதட்டுப்பிளவுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் ‘பத்து’க் கணக்கு பழையது: 10 வாரம், 10 பவுண்டு எடை, 10 கிராம் ஹீமோகுளோபின். விரை கீழே இறங்காத ஆண் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் செய்துவிடச் சொல்கிறார்கள். தாமதமானால் பிற்கால விந்து உற்பத்தி பாதிக்கப்படலாம். இவற்றில் எதுவும் ஆம்புலன்ஸில் சைரன் அடித்துக்கொண்டு வருவதில்லை. அவசரமில்லாதவை என்ற அடுக்கில் தூக்கி வைத்துவிடுவது எளிது.

கல்லீரலுக்கு இன்னும் கறாரான கெடு உண்டு. பித்தநாளம் அடைபட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பித்தம் வெளியேற வழியில்லாமல் கல்லீரலிலேயே தேங்கி அதை அரித்துக் கெட்டிப்படுத்துகிறது. ஜப்பானின் செண்டாய் நகரில் மோரியோ கசாய் 1950-களில் இதற்கு ஓர் ஆபரேஷன் கண்டுபிடித்தார். கல்லீரலின் வாசலிலுள்ள நைந்துபோன நாளங்களை வெட்டி நீக்கிவிட்டுக் குடலின் ஒரு வளையத்தை நேராக அங்கே கொண்டுபோய்த் தைப்பது. குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால் பித்தம் ஓடத் தொடங்கும் வாய்ப்பு அதிகம். நாள் ஏற ஏற அது குறைந்துகொண்டே போகும். வாய்ப்புத் தவறினால் மிஞ்சுவது கல்லீரல் மாற்று சிகிச்சைதான். நம் வீடுகளில் பச்சைப் பிள்ளைக்குக் கண் மஞ்சளாக இருந்தால் “காலை வெயிலில் காட்டு, சரியாயிடும்” என்பார்கள். முதல் இரண்டு வாரம் வரை பெரும்பாலும் தானாகவே சரியாகியும் விடும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் மஞ்சள் போகவில்லை, மலம் சுண்ணாம்பு போல் வெளுத்திருக்கிறது, மூத்திரம் துணியில் கறை பிடிக்கிறது என்றால் வெயிலை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ஊரடங்கு நாட்களில் எத்தனை வீடுகளில் வெயிலை மட்டுமே நம்ப வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. பஸ் ஓடவில்லை, ரயில் ஓடவில்லை, வழக்கமாகப் போகும் கிளினிக் பூட்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் கொரோனா ஒட்டும் என்ற பயம்.

அந்தப் பயம் உயிர்களை வாங்கியதற்கு எழுத்துப்பூர்வமான சான்று உண்டு. இத்தாலியில் முதல் அலையின்போது குழந்தைகள் அவசரப் பிரிவுக்கு வருவது முந்தைய ஆண்டுகளைவிட ஏறக்குறைய முக்கால் பங்கோ அதற்கு மேலோ சரிந்தது. அங்குள்ள சில மருத்துவமனைகளில் தாமதமாக வந்து சேர்ந்த 12 குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் 2020 ஏப்ரலில் எழுதினார்கள். 12 பேரில் நான்கு பேர் இறந்துபோனார்கள். வந்தவர்களுக்கு இருந்தது கொரோனா இல்லை. மற்ற காலத்தில் நேரத்தோடு வந்திருந்தால் பார்க்கக்கூடிய நோய்கள். விரை முறுக்கிக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ரத்த ஓட்டமின்றி அது செத்துவிடும். சொல்லக் கூச்சப்பட்டு வலியைப் பொறுத்துக்கொள்ளும் பதின்வயதுப் பையன்களுக்கு ஆறு மணி நேரம் சாதாரண நாளிலேயே போதாது. குரோஷியாவிலிருந்து வந்த ஆய்வொன்று, பெருந்தொற்றின்போது பையன்கள் தாமதமாக வந்ததையும் விரையை எடுக்க வேண்டி வந்தது கூடியதையும் பதிவு செய்திருக்கிறது.

இன்னொரு பக்கம், வந்து சேர்ந்த குழந்தையைத் தவறாக அறுத்துவிடும் ஆபத்தும் புதிதாக முளைத்தது. 2020 ஏப்ரல் கடைசியில் பிரிட்டனின் குழந்தை மருத்துவர்கள் ஓர் எச்சரிக்கை விட்டார்கள். தொற்று வந்து போய்ச் சில வாரங்கள் கழித்து, சில குழந்தைகளுக்கு உடம்பே கொதித்ததுபோல் பல உறுப்புகளிலும் அழற்சி வருகிறது என்றார்கள். காய்ச்சல், சிவந்த கண், தடிப்பு, கூடவே கடுமையான வயிற்று வலி, வாந்தி. வலி வலப்பக்க அடிவயிற்றில் வந்தால் பார்த்தவுடன் எவரும் குடல்வால் என்றுதான் நினைப்பார்கள். அப்படிச் சந்தேகத்தோடு வந்த எட்டுக் குழந்தைகளைப் பற்றி லண்டன் மருத்துவர்கள் எழுதினார்கள். ஸ்கேனில் வீங்கியிருந்தது சிறுகுடலின் கடைசிப் பகுதியும் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களும். இந்த நோயில் இதயத் தசையும் தளர்ந்திருக்கக்கூடும் என்பதால், தேவையில்லாத மயக்க மருந்து பெரிய ஆபத்தில் முடியலாம். இந்தியாவிலிருந்து இந்த நோயைப் பற்றி முதலில் எழுதியவர்களில் சென்னை காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனையின் மருத்துவர்களும் உண்டு. வயிற்று வலியோடு வரும் குழந்தைக்குக் கத்தியை எடுக்கும் முன் ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகளையும் இதயத்தின் எக்கோ ஸ்கேனையும் பார்ப்பது அப்போது ஏற்பட்ட பழக்கம்.

நிஜமான குடல்வால் அழற்சிக்கு நேர்ந்தது தனிக் கதை. முடிந்தால் ஆபரேஷனே வேண்டாம், ஆன்டிபயாட்டிக் போட்டுப் பாருங்கள் என்றன பிரிட்டனின் அறுவை சிகிச்சைக் கல்லூரிகள். சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி வேண்டாம் என்பது அதில் ஒரு பகுதி. வயிற்றை உப்பச் செய்ய ஏற்றும் கரியமில வாயு வெளியே வரும்போது வைரஸையும் சுமந்து வரலாம் என்ற பயம். அது ஊகம் மட்டுமே; அந்த வழியில் தொற்றியதாக உறுதியான சான்று பிறகும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த வசந்த காலத்தில் பிரிட்டனில் குடல்வால் அழற்சி வந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குக் கத்தி வைக்காமல் மருந்தே முதல் சிகிச்சையானது. சாதாரண நாட்களில் அங்கே கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஆபரேஷன்தான்.

இது நல்லதா கெட்டதா? நெருக்கடியில் பிறந்த ஒரு பழக்கம் நெருக்கடி தீர்ந்த பிறகும் ஒட்டிக்கொள்ளும். அளந்து பார்த்தால்தான் தெரியும். அளந்த ஆய்வும் வந்தது. வட அமெரிக்கா, ஐரோப்பா, சிங்கப்பூர் என்று பல நாட்டுக் குழந்தைகள் மருத்துவமனைகளில் 936 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2025-ல் ‘லான்செட்’டில் வெளியானது. மருந்து மட்டும் பெற்றவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் அது பலிக்கவில்லை. பெரும்பாலும் கடைசியில் ஆபரேஷன் மேசைக்கே வந்தார்கள். ஆபரேஷன் குழுவில் தோல்வி என்று கணக்கிடப்பட்டது 7 சதவீதம். மூன்றில் இரண்டு பேர் கத்தியே இல்லாமல் தப்பினார்கள் என்றும் இதைப் படிக்கலாம். தியேட்டர் கிடைக்காத நாளில் மருந்து கைகொடுக்கும், தியேட்டர் கிடைக்கிற நாளில் பெற்றோரிடம் இரண்டு எண்களையும் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் வாசிப்பு.

இனி தியேட்டருக்குள் போகலாம். கிருமி பரவாமல் காப்பதில் முகக்கவசத்தையும் பி.பி.இ. உடையையும்தான் எல்லோரும் படம் பிடித்தார்கள். அதிகம் பேசப்படாத விஷயம் காற்று. ஓர் அறையின் மொத்தக் கொள்ளளவுக்குச் சமமான புதுக்காற்று ஒரு முறை உள்ளே வந்து கலந்து வெளியேறுவதை ஒரு காற்று மாற்றம் என்கிறார்கள். ஒரு மாற்றத்தில் பழைய காற்று முழுக்கப் போய்விடாது, ஏனென்றால் புதியது பழையதோடு கலந்துதான் வெளியேறுகிறது. மிதந்துகொண்டிருக்கும் நுண்துளிகளில் 37 சதவீதம் தங்கிவிடும். இரண்டாவது மாற்றத்தில் அதில் 37 சதவீதம். ஐந்து முறை மாறினால் மிஞ்சுவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. மணிக்கு 20 மாற்றம் உள்ள நல்ல தியேட்டரில் ஐந்து மாற்றத்துக்கு 15 நிமிடம் ஆகும். மணிக்கு இரண்டே மாற்றம் உள்ள அறையில் இரண்டரை மணி நேரம்.

இந்தச் சின்னக் கணக்கு ஒரு நாளின் பட்டியலையே மாற்றிவிடும். ஒரு குழந்தைக்கு மூச்சுக்குழலில் குழாய் போட்ட பிறகும் எடுத்த பிறகும் காற்று தெளியக் காத்திருந்து, துடைத்து, உடை மாற்றி அடுத்தவரை அழைத்தால், காலையில் வழக்கமாக முடியும் கேஸ்களில் பாதிகூட முடியாது. நம் ஊர்ச் சிறு நர்சிங் ஹோம்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுவரில் ஸ்பிளிட் ஏ.சி. மாட்டி, கதவைச் சாத்தி, அதைத் தியேட்டர் என்கிறோம். ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கிற காற்றையே எடுத்துக் குளிர்வித்து மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறது. வெளிக்காற்று ஒரு சொட்டும் வராது. குளிர்ந்திருக்கிறது, அதனால் சுத்தமாக இருக்கிறது என்று நினைப்பது நம் பழைய மயக்கம். சென்ட்ரல் ஏ.சி. உள்ள பெரிய தியேட்டர்களுக்கோ வேறு தலைவலி: காரிடார் காற்று உள்ளே வந்து புண்ணில் சீழ் பிடிக்கக் கூடாது என்று உள்ளே அழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். தொற்றுள்ள நோயாளி உள்ளே இருந்தால் அதே அழுத்தம் வைரஸை வெளியே தள்ளும்.

மயக்கம் கொடுக்கும்போது குழாய் செலுத்துவதுதான் பெரிய ஆபத்து, அப்போதுதான் நுண்துளிகள் வெடித்துப் பரவும் என்று 2020-ன் தொடக்கத்தில் எல்லோரும் நம்பினார்கள். பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் தியேட்டருக்குள் துகள் எண்ணும் கருவியை வைத்து அளந்தார்கள். பெரியவர்களிடம் அளந்ததுதான். குழாய் செலுத்தும்போது வந்த துகள்கள், ஒருவர் வேண்டுமென்றே ஒரு தடவை இருமினால் வருவதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. மயங்கிக் கிடக்கும் நோயாளி இருமுவதில்லை, கத்துவதில்லை. யோசித்தால் ஆச்சரியமே இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் இது முக்கியமான செய்தி. ஏனென்றால் தியேட்டர் வாசலில் குழந்தை வீறிட்டு அழும். முகத்தில் மாஸ்க்கை அழுத்தினால் இன்னும் கத்தும். விண்வெளி வீரர்களைப்போல் உடையணிந்து, கண் மட்டும் தெரிகிற நான்கு பேர் குனிந்து பார்த்தால் மூன்று வயதுக் குழந்தை என்ன செய்யும்? அழுகையும் இருமலும்தான் காற்றில் அதிகம் கலக்கின்றன. முன்னெல்லாம் பல மருத்துவமனைகளில் அம்மா மடியில் வைத்தபடியே மயக்கம் கொடுப்பார்கள். பெருந்தொற்றில் அம்மாவை வெளியே நிறுத்தினார்கள். கூட்டத்தைக் குறைக்க அது உதவியது, அழுகையைக் கூட்டியது. அம்மாவுக்கும் ஒரு முகக்கவசம் கொடுத்து உள்ளே விட்டிருந்தால் மொத்தக் கணக்கில் காற்று சுத்தமாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அதற்குப் பதிலாக, தூக்க மருந்தை முன்கூட்டியே வாய்வழியாகக் கொடுத்துச் சாந்தப்படுத்துவதும், கூடுமானால் ரத்தக்குழாய் ஊசி வழியே மயக்கம் கொடுப்பதும் அறிவுரையாக வந்தன. மூக்கில் தெளிக்கும் மருந்தைத் தவிர்த்தார்கள். தும்மல் வரும் என்பதால்.

அறுவை சிகிச்சைக்கு முன் குடும்பமே 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் ஆரம்ப விதி. ஓய்வுபெற்ற தம்பதிக்கு இது நடக்கிற காரியம். மூன்று பிள்ளைகள், தினமும் வேலைக்குப் போகிற அப்பா அம்மா உள்ள வீட்டில் நடக்குமா? 2020 ஜூலையில் அந்த விதியைத் தளர்த்திப் பரிசோதனைக்கு முதலிடம் கொடுத்தார்கள். தொற்று இருப்பது தெரிந்தால் தள்ளிப்போடுவதற்கு நியாயமான காரணம் உண்டு. சளி பிடித்த குழந்தையின் மூச்சுக்குழல் சில வாரங்களுக்குச் சிலிர்த்துக்கொண்டிருக்கும். மயக்க மருந்தின்போது சட்டென்று இறுகி அடைத்துக்கொள்ளும். கொரோனாவும் அதையே செய்தது. சளி என்று சொல்லி ஆபரேஷனைத் தள்ளிவைத்த டாக்டரிடம் கோபித்துக்கொண்டு வந்த பெற்றோர் எந்த ஊரிலும் உண்டு. டாக்டர் செய்ததுதான் சரி.

யாரை முதலில் எடுப்பது என்பதற்கு வரிசை முறைகள் வந்தன. பிரிட்டன் ஐந்து படி வைத்தது: 24 மணி நேரத்துக்குள், 72 மணி நேரத்துக்குள், ஒரு மாதத்துக்குள், மூன்று மாதத்துக்குள், அதற்கு மேலும் தாங்கக்கூடியவை. சிகாகோ பல்கலைக்கழகம் 21 அம்சங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடும் முறையை உருவாக்கியது. வயது, நுரையீரல் நோய், இதய நோய் என்று அது பெரியவர்களை நினைத்து எழுதப்பட்டது. குழந்தைகளுக்கு அது பொருந்தவில்லை என்று அதே பல்கலைக்கழகத்தின் குழந்தை அறுவை மருத்துவர்கள் சில மாதங்களில் தனியாகத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

இந்தப் படிகளில் எனக்குத் தெரிகிற ஓட்டை கடைசிப் படியில் இருக்கிறது. ‘மூன்று மாதத்துக்கு மேலும் தாங்கும்’ என்பதற்கு மேல் வரம்பே இல்லை. விரை இறங்காத ஆறு மாதக் குழந்தையை அதில் போட்டுவிட்டு ஓராண்டு கழித்துத் திறந்து பார்த்தால், அவனுக்கு 18 மாதம் ஆகியிருக்கும். உரிய காலம் முடிகிற இடத்தில் நிற்பான். பெரியவர்களுக்கு ஒரு தடவை குத்திய முத்திரை ரொம்ப நாள் செல்லும். குழந்தைக்கு மாதா மாதம் திரும்பப் பார்த்தாக வேண்டும். பட்டியலில் ‘எத்தனை நாளாகக் காத்திருக்கிறான்’ என்ற கட்டத்தோடு ‘எந்தத் தேதிக்குள் செய்தாக வேண்டும்’ என்ற கட்டமும் இருந்தால் இது தானாகவே நடக்கும்.

இடப் பங்கீட்டிலும் குழந்தைகள் பின்னுக்குப் போனார்கள். வட லண்டனில் பல மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டுகளைப் பெரியவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, குழந்தைகளைக் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். குழந்தைகளுக்கான மயக்க மருந்து நிபுணர்களும் தீவிர சிகிச்சை நர்ஸ்களும் பெரியவர்களின் வென்டிலேட்டர்களுக்குப் போனார்கள். அந்த மாதங்களில் அது மனிதாபிமானமான முடிவு, சந்தேகமில்லை. திரும்பி வருவதில்தான் கோளாறு. பெருந்தொற்றின் தொடக்கத்தில் இங்கிலாந்து தனியார் மருத்துவமனைகளில் 8,000 படுக்கைகளை எடுத்துக்கொண்டது. தேங்கிப்போன வேலையில் கண்புரையும் மூட்டும் தனியார் மருத்துவமனைகளுக்குப் போயின. குழந்தைகளுக்குத் தேவையான நர்ஸ், மயக்க மருந்து நிபுணர், ஏதாவது ஆனால் கைகொடுக்கும் தீவிர சிகிச்சை இவை பெரும்பாலான தனியார் மருத்துவமனைகளில் கிடையாது. போதாததற்கு, பொதுமுடக்கத்தில் காணாமல் போயிருந்த ஆர்.எஸ்.வி. என்ற சளி வைரஸ் 2021 கோடையில், பருவம் தப்பி, ஒரே மூச்சில் திரும்பி வந்து குழந்தைகளின் படுக்கைகளை நிரப்பியது. 2023-ல் அங்கே சிகிச்சைக்குக் காத்திருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டியது.

காத்திருப்புப் பட்டியலில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று பல். இங்கிலாந்தில் ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகள் மருத்துவமனையில் சேர முதல் காரணமே சொத்தைப் பல். நாற்காலியில் உட்கார வைத்துப் பிடுங்க முடியாத சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள். 2020-21-ல் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. சொத்தை குறைந்ததால் இல்லை. பிடுங்கப்படாத ஒவ்வொரு பல்லுக்கும் பின்னால் தூங்காத இரவுகளும் மாற்றி மாற்றி ஆன்டிபயாட்டிக்கும் இருந்திருக்கும்.

எல்லாக் காத்திருப்பும் கேடு என்று சொல்ல மாட்டேன். பள்ளி மூடி, சளி பரவுவது நின்றபோது, காதுக்குள் நீர் கோத்திருந்த பல குழந்தைகளுக்கு அது தானே வடிந்துவிட்டதை இத்தாலிய மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். காதில் குழாய் வைக்கும் ஆபரேஷன் சிலருக்குத் தேவையே இல்லாமல் போனது. அந்தப் பட்டியலைப் பழையபடி அப்படியே தொடங்காமல் ஒவ்வொரு குழந்தையையும் மறுபடி பரிசோதித்த இடங்கள் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டன.

இந்தியாவில் இதயம் பற்றித் தெளிவான கணக்கு இருக்கிறது. குழந்தைகளின் இதய சிகிச்சை நடக்கும் 24 மையங்கள் சேர்ந்து, 2020 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டன. இதய அறுவை சிகிச்சைகள் நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் குறைந்திருந்தன. வந்தவர்களில் அவசர கேஸ்களின் பங்கு கூடியிருந்தது. மருத்துவமனையில் இறந்தவர்களின் விகிதம் சுமார் 5 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக உயர்ந்திருந்தது. கொரோனா கொன்றது என்று இதைப் படிக்கக் கூடாது. தாங்கக்கூடியவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள், தாங்க முடியாத நிலைக்குப் போனவர்கள் மட்டும் வந்தார்கள் என்பதே பெரும் விளக்கம். வராமலே போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

வருவதற்கு முன்னால் கண்டுபிடிக்கப்பட வேண்டும். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிகளுக்கும் ஒரு முறை பள்ளிகளுக்கும் போய்ப் பிறவிக் குறைகளைக் கண்டறிய வேண்டும். இதயத் துளையும் வளைபாதமும் அண்ணப்பிளவும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு முக்கியமாக இந்த வழியில்தான் தெரியவருகின்றன. 2020 மார்ச்சில் அங்கன்வாடியும் மூடியது, பள்ளியும் மூடியது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. கதவே திறக்காத பள்ளியில் எந்தக் குழு போய் யாரைப் பார்க்கும்?

2021-ல் மூன்றாவது அலை குழந்தைகளைத்தான் தாக்கும் என்று ஒரு பீதி நாடெங்கும் கிளம்பியது. அதற்கு அறிவியல் அடிப்படை குறைவு, வந்த ஒமைக்ரான் அலை அப்படிக் குழந்தைகளைத் தேடிப் போகவும் இல்லை. ஆனால் அந்தப் பீதியால் ஒரு நல்லது நடந்தது. 736 மாவட்டங்களில் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவுகள் அமைக்க மத்திய அரசு பணம் ஒதுக்கியது. கட்டிலும் ஆக்சிஜன் குழாயும் வந்துவிட்டால் போதாது. ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு மயக்கம் கொடுக்கத் தெரிந்த நிபுணரும், இரவு முழுக்க அதன் மூச்சை எண்ணும் நர்ஸும் மாவட்டத் தலைநகரில் இருக்க வேண்டும். அடுத்த பெருந்தொற்றில் சாலை மூடினாலும் அந்தக் குழந்தை சென்னை எழும்பூருக்கோ மதுரைக்கோ வர வேண்டியிருக்காது. பெரியவர்களின் வார்டு எவ்வளவு நிரம்பினாலும் தொடக்கூடாத ஒரு குழந்தைகள் தியேட்டரும் அதற்கான ஆட்களும் மண்டலத்துக்கு ஒன்றாவது என்று முன்கூட்டியே எழுதி வைப்பது, நெருக்கடி நடுவில் கேட்டு வாங்குவதைவிடச் சுலபம்.

எல்லாவற்றுக்கும் தியேட்டர் வேண்டியதில்லை. தைவான் 2004-லிருந்து பிறந்த ஒவ்வொரு குழந்தையின் தாய்க்கும் ஒரு வண்ண அட்டை கொடுக்கிறது. அட்டையில் மலத்தின் நிறங்கள் வரிசையாக அச்சடித்திருக்கும், எது சரி, எது சந்தேகம் என்ற குறிப்போடு. குழந்தையின் மலம் சந்தேக நிறத்தில் இருந்தால் அட்டையில் உள்ள எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். அட்டை வந்த பிறகு 60 நாளுக்குள் கசாய் ஆபரேஷன் நடக்கும் குழந்தைகளின் பங்கு அங்கே கூடியது. நம் ஊரில் தாய்-சேய் நல அட்டை ஏற்கெனவே எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் இந்த நிறங்களை அச்சடித்துவிட்டால், பஸ் ஓடாத மாதத்திலும் கிராமச் சுகாதார செவிலியருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பி விடலாம்.